கைப்பையில் மேலாக வைக்கவும்

11.05.2008
ஜெனீவாவிலிருந்து புத்தகம் வந்துவிட்டது. பன்னிரண்டு பக்கம், ஆங்கிலம். தோட்டத் தொழிலாளர் மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கான பயண ஆலோசனைகள். ஜெயம்மாக்காவுக்கு அதைத் தமிழில் சொல்வது என் தலையில். நான் தேயிலை பெக்டரி மெக்கானிக், வாத்தியார் இல்லை. ஆனாலும் செய்ய வேண்டும். அவர் புருஷன் முத்துவீரன் முதுகில் சுமந்த மருந்து அடிக்கிற டாங்கியை ரிப்பேர் பார்த்தவன் நான். புது வாஷர் கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். வரவில்லை. களைமருந்து ஒழுகி ஒழுகி முதுகு வெந்தது. போன வருடம் செத்துப்போனார். அதைச் சொல்லத்தான் அக்கா போகிறார். இப்போதும் முப்பது டாங்கியில் பதினொன்று ஒழுகுகிறது என்று நானும் அக்காவிடம் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

18.05.2008
அக்காவின் லயத்து வீட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. சிவப்பு விளக்கில் ரோட்டைக் கடக்கக் கூடாது.

"வண்டி ஒண்ணும் வரலேன்னாலுமா?"

"வரலேன்னாலும்."

"அப்ப நம்ம துரை மாதிரி ஆளுகதான் அங்கயும்."

சிரிக்கிறார். எனக்கு நேரம் போகிறது.

ஏழாவது: அழைப்புக் கடிதத்தைக் கைப்பையில் மேலாக வைக்கவும், அதிகாரிகள் விசாரித்தால் உடனே காட்டவும். இதில்தான் அக்கா இழுத்தார்.

"கொழும்புல கேட்டா, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறேன்னு சொல்லிக்கிறேனே தம்பி. அதுக்கு ஒருத்தனும் மறு கேள்வி கேக்க மாட்டான்."

"உண்மையான பேப்பர் கையில இருக்கு. என்னத்துக்குப் பொய்? புத்தகத்துல போட்டிருக்கிறதச் செய்ங்க."

கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். சரி என்றார்.

27.05.2008
பலாங்கொடையில் பஸ் ஏற்றிவிட்டேன். விமானம் வெள்ளிக்கிழமை. களைப்பில்லாமல் பயணத்தைத் தொடங்கவும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதனால் மூன்று நாள் முன்னாலேயே கொழும்பு லொட்ஜில் அறை எடுத்துக் கொடுத்தேன். ஜெனீவாவில் மழை பெய்யுமாம், என் குடையையும் கொடுத்தேன்.

28.05.2008
லொட்ஜ்காரர் நிலாம் போன் பண்ணினார். விடியற்காலை பொலிஸ் செக்கிங்.

"அந்தம்மா சிங்களத்துல நல்லாத்தான் பேசின. எங்க போறண்டு கேட்டதும் கடிதத்த எடுத்து நீட்டின. ஜெனீவாண்டு கண்டதும் அவனுகட மொகமே மாறிட்டு. யாரப் பத்திச் சொல்லப் போறாய்ண்டு கேட்டு ஏத்திட்டுப் போயிட்டானுக."

யுத்த நேரம். தமிழ் ஆள் கையில் ஜெனீவா கடிதம் என்றால் நாட்டைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்றுதான் நினைப்பான். தினமும் நியூஸ் கேட்கிறவன் நான். எனக்கு ஏன் தோன்றவில்லை? அக்காவுக்குத் தோன்றியதே.

29.05.2008
அக்காவை வெளியே விட, பொலிசுக்குத் தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் போதும். இவர் இங்கே வேலை செய்கிறவர் — ஒரே வரி. தோட்ட மேனேஜர் துரையிடம் போய் நின்றேன். மேசையில் பொலிஸ் அனுப்பிய ஃபாக்ஸ். அக்கா பையில் இருந்த என் டாங்கித் தாள், என் கையெழுத்து.

"மெஷின் பாக்கிற ஆளுக்கு ஜெனீவால என்ன வேலை?" என்றார். பிறகு, "திங்கட்கிழமை வா."

நானே எழுதுகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றேன். திங்கட்கிழமை என்றார் திரும்பவும்.

30.05.2008
விமானம் போய்விட்டது.

02.06.2008
மாநாடு இன்று தொடங்குகிறது. துரை இரத்தினபுரிக்குப் போய்விட்டார்.

04.06.2008
துரையின் கடிதம் கிடைத்தது. மாநாடு இன்றோடு முடிகிறது.

05.06.2008
கொழும்பில் பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தேன். பிற்பகல் விட்டார்கள். எட்டு நாள். அதே சேலை. அடிச்சாங்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பசிக்குது தம்பி" என்றார்.

பஸ் அவிசாவளையைத் தாண்டியது. பிறகு, "நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். மேலாகத்தான் வச்சிருந்தேன்."

திட்டியிருக்கலாம். என்னைத் திட்டியே இருக்கலாம்.

21.07.2008
அக்காவுக்கு இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் எட்டு நாள் வராததாம். டாங்கி ரிப்பேரும் இனி என்னிடம் இல்லை.

16.10.2008
பலாங்கொடையில் வெளிநாட்டு வேலை ஏஜென்சியில் இருக்கிற அக்ஸா என்கிற பிள்ளை காகிதங்களை எல்லாம் முடித்துக் கொடுத்ததாம். ஜெயம்மாக்கா நேற்றுப் புறப்பட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

18.10.2008
நிலாம் போன் பண்ணினார். அதே லொட்ஜ், இந்த முறையும் செக்கிங். குவைத்துக்கு, வீட்டு வேலைக்கு என்றாராம். ஒருத்தனும் மறு கேள்வி கேட்கவில்லையாம்.