போனில் நீங்கள் சொன்னது

என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. வலது கணுக்கால் வீங்கி இப்போதுதான் வற்றிக்கொண்டு வருகிறது, அதனால் முறையை விட்டுவிடுகிறேன். நீங்கள் நலம் என்று தபால்காரர் சொன்னார். விடுதி வராந்தாவில் சால்வையைப் போர்த்திக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்களாம். கேட்டதும் வயிறு எரிந்தது.

அவரிடம் நீங்கள் சொல்லி அனுப்பிய சேதியும் வந்து சேர்ந்தது. உங்கள் காய்ந்த காலுறைகளும் டார்ச்சும் என் பையில் இருக்கின்றன, கொடுத்தனுப்ப வேண்டும். கால் சரியானதும் நான் நேராக அடுத்த ஊருக்கு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மொத்தத் திட்டமும் தள்ளிப்போய்விடும். அவ்வளவுதான் சேதி. தபால்காரர் பாவம், வேறு ஏதோ சொல்ல மறந்துவிட்டோமோ என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அவர் எதையும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கத் தெருக்களை முடித்துக்கொண்டு சாயங்காலம் திரும்புவார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மழையில் உடைந்த இந்தப் பக்கச் சாலையைச் சரிசெய்துவிட்டார்கள். நாளைக் காலையிலிருந்து பஸ் ஓடுமாம். அந்த பஸ் என் அம்மா வீட்டு வழியாகப் போகிறது. அதில் ஏறுவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஏறினால், நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வருகிற விஷயமாக இருக்காது. மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாம் இரண்டு பேர் மட்டும் ஊர் ஊராக நடக்கலாம் என்று நீங்கள் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில்தான் வாய் திறப்பதில்லை, நடக்கும்போதாவது பேசுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் எனக்கு நூறு அடி முன்னால் நடந்தீர்கள். மழை பிடித்த நாளிலிருந்து நான் பார்த்த இயற்கைக் காட்சியெல்லாம் உங்கள் பையின் ஆரஞ்சு நிற மழை உறைதான். நான் சறுக்கி விழுந்தது கூட உங்களுக்குத் தெரியவில்லை. எதிரே வந்த சைக்கிள்காரர்தான் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி வந்தீர்கள், காலைப் பார்த்தீர்கள், அடுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். இருட்டுவதற்குள் போகாவிட்டால் அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், நீ இந்த நிழற்குடையில் உட்கார், நான் போய் வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போனீர்கள்.

அன்று ராத்திரி ஆற்றில் வெள்ளம் ஏறி வண்டி வர முடியாமல் போனதற்கு உங்கள்மேல் நான் பழி போடவில்லை. ஆனால் மறுநாள் மதியமே பாலத்தில் ஆட்களை நடக்க விட்டுவிட்டார்கள். பால்காரர் வந்தார். ஒருவர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஆட்டுக்குட்டி கூட வந்துவிட்டது. நீங்கள் வரவில்லை.

நான் எங்கே இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். நிழற்குடைக்கு எதிரே பஞ்சர் கடை இருந்ததே, அதன் பின்னறையில் இருக்கிறேன். கடைக்காரரின் மனைவி தலைக்கு மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு வந்து, யார் என்ன என்று ஒரு கேள்வி கேட்காமல் முதலில் என் முதுகுப் பையைக் கழற்றி வாங்கினார். அப்புறம் புருஷனைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அழுதேன். வலி தாங்காமல் அழுகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்கு வந்தது ஆத்திரம்.

இருப்பதே ஒரு அறைதான். அதிலிருக்கும் ஒரே கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் கடையில் டயர்களுக்கு நடுவே படுத்துக்கொள்கிறார்கள். கடைக்காரரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுகிறேன், முறை தப்பாக இருக்கிறதே என்று அவர்களே சிரிக்கிறார்கள். அண்ணன் ஒரு பழைய ட்யூபில் பாதி காற்று அடித்து, மேலே துணியை விரித்து, என் காலை அதில் தூக்கி வைத்தார். எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு தலையணை கிடைக்காது. நனைந்த என் ஷூவுக்குள் காற்றடிக்கும் குழாயை விட்டு அரை மணி நேரம் உலர்த்தினார். சக்கரத்தில் ஆணி ஏறிய ஆள் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார், இவர் அசையவில்லை. அக்கா வெந்நீர் வைத்து என் காலைக் கழுவிவிட்டார். வேண்டாம் என்று இழுத்துக்கொண்டேன், சும்மா இரு என்று ஒரு அதட்டல் போட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் போன் அன்றைக்கே தண்ணீர் குடித்துச் செத்துவிட்டது. மறுநாள் நான் கண்விழித்ததும், உங்களிடமிருந்து போன் வந்ததாக அக்கா சொன்னார். கடைப் பலகையில் எழுதியிருக்கும் நம்பரைப் பார்த்து வைத்திருந்து கூப்பிட்டீர்களாம், தூங்குகிறவளை எழுப்ப வேண்டாம் என்றீர்களாம். சாப்பிட்டாளா என்று கேட்டீர்களாம். ஈரத் தலையோடு படுக்க விடாதீர்கள் என்றீர்களாம். எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. முந்தின நாள் ராத்திரி தொண்டையில் இறங்காத சோறு அன்றைக்கு இறங்கியது.

அதன்பிறகு தினமும் உங்கள் போன். நான் குளிக்கும்போது வரும், நான் அசந்த நேரத்தில் வரும். நான் திருப்பிக் கூப்பிடக் கேட்டால், போனில் சார்ஜ் இல்லை என்பார் அக்கா. காலைத் தொங்கப் போடாதே என்றீர்கள். ராத்திரியில் இருமினாயா என்று கேட்டீர்கள். நீ இல்லாமல் சாப்பாடு ருசிக்கவில்லை என்றும் ஒருநாள் சொன்னீர்கள். உன் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தால் விடமாட்டேன் என்கிறார் என்று அக்கா அலுத்துக்கொண்டார். அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். வீட்டில் 'ம்' என்ற ஒரு எழுத்தைத் தாண்டாத மனிதர் நீங்கள். தட்டவில்லை என்றும் சொல்ல முடியாது, தட்டியதைத் தள்ளிவிட்டேன்.

இன்று தபால்காரர் உங்கள் காலுறைச் சேதியைச் சொல்லிவிட்டு, வெள்ளம் ஏறிய ராத்திரியே டவர் சாய்ந்துவிட்டது, இந்த வட்டாரத்தில் ஒரு போனும் வேலை செய்யவில்லை, அதனால்தான் சார் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார் என்றார். அக்கா கையில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

தபால்காரர் போனதும் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், இத்தனை செய்தவர்களிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அண்ணன், எனக்கு இதில் சம்பந்தமில்லை, முதல் நாளே வேண்டாம் என்று சொன்னேன் என்று ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டே நழுவிவிட்டார். அக்காதான் சொன்னார். "நீ வாசலையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தே. சோத்தைத் தொடல. ஒரு பொய் சொன்னேன், சாப்பிட்டே. அப்புறம் எனக்கு நிறுத்தத் தெரியல."

மதியம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். கடையிலிருந்து அண்ணன் உள்ளே குரல் கொடுத்தார். அக்காவைத்தான். சாப்பிட்டியா என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஈரத் தலையோட நிக்காதே, துவட்டு என்றார். ராத்திரி இருமினாயே, வெந்நீர் குடித்தாயா என்றார். அக்கா எரிச்சலோடு, ஆமாம் ஆமாம், பஞ்சரைப் பாருங்க என்று பதில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீங்கள் போனில் சொன்னது அத்தனையும் அதுதான். அந்த அம்மாள் ஒன்றையும் கற்பனை செய்யவில்லை. ஒரு புருஷன் வேறு என்ன பேசுவான் என்று அவருக்குத் தெரியாது. தன் புருஷன் பேச்சை எடுத்து எனக்குக் கொடுத்திருக்கிறார்.

அக்காமேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. அதுவும் சேர்ந்து உங்கள்மேல் வந்துவிட்டது. இத்தனை வருஷம் உங்களோடு குப்பை கொட்டியும், யாரோ ஒருத்தி என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டது உங்களுக்குத் தெரியவில்லையே. நான் கேட்டது நகையா, நட்டா? சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை. தபால்காரரிடம் காலுறையைக் கேட்ட வாயால் அதையும் கேட்டிருக்கலாமே. அவருக்கு என்ன சுமையா?

காலுறையைக் கொடுத்தனுப்பவில்லை. டார்ச்சையும் கொடுத்தனுப்பவில்லை. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்தால் ஒன்று செய்ய வேண்டும். அக்கா இன்னும் என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார். அவரைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு என்னால் இந்த வீட்டைவிட்டுப் போக முடியாது. ஆகவே படியேறும்போதே, என்னைப் பார்த்து, அவர் காதில் விழும்படி கேளுங்கள். சாப்பிட்டாயா? தலையைத் துவட்டினாயா? ராத்திரி இருமினாயா? மூன்றே கேள்விதான், வரும் வழியில் மனப்பாடம் செய்துவிடலாம். நீங்களாக நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
நாளைக் காலை பஸ் வரும்வரையாவது உங்கள் மனைவி.

பி.கு. பாலத்தின் இடது பக்கக் கைப்பிடியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதாம். வலது பக்கமாகவே பிடித்து நடந்து வாருங்கள். அவசரப்பட வேண்டாம், பஸ் எப்படியும் தாமதமாகத்தான் வரும் என்று அண்ணன் சொல்கிறார்.