அளவு பெரிய வளையல்

28 அக்., செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தீபாவளி முடிந்துவிட்டது, ஜவுளிக்கடையில் ஈ ஓட்டுகிறோம். மாடியில் பட்டு மடிப்பு வேலை. வளைகாப்புச் சேலை கேட்டு ஒரு குடும்பம் வந்தது. சேலையை விரிக்காமல் அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மெலிந்த கைதான். முதலாளி என்னைக் கீழே அனுப்பிவிட்டார். தப்பில்லை.

என் மனைவி செல்வியின் வளைகாப்பில் வளையல் ஏறவே இல்லை. சோப்பு போட்டும் ஏறவில்லை. பிள்ளைத்தாச்சி உடம்பு ஊதத்தான் செய்யும் என்று பெண்கள் சிரித்தார்கள். நான்தான் கடைக்கு ஓடிப் பெரிய அளவு வாங்கிவந்தேன். உடனே கிடைத்ததில் பெருமை வேறு. தலைவலி என்றாள், கண்ணேறு என்று சுற்றிப் போட்டார்கள். அந்த வாரமே வலிப்பு. ஆபரேஷன். ஏழு மாதத்துப் பெண் குழந்தை. ஒரு ராத்திரி உயிரோடு இருந்தாள். பேர் வைக்கவில்லை.

29, புதன்

கொண்டுபோக: பி.பி. மாத்திரை, பழைய வேட்டித் துணி, மல்லிகைப்பூ.

செல்விக்குப் பால் நிற்கவில்லை. பூவை மார்பில் வைத்துக் கட்டினால் வற்றுமாம், செல்வியின் அம்மா, என் அத்தை, போனில் சொன்னார். பூக்காரம்மா, "வீட்டுல விசேஷமா?" என்றாள். ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன்.

கல்லிடைக்குறிச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அத்தை வீட்டில் அப்பளம் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். உளுந்து மாவு பாத்திரத்தோடு இறுகிக் கிடக்கிறது. செல்வி அதைப் பார்த்தபடி, "அப்பளத்து உப்பு மாவா தின்னு பிள்ளைய முடிச்சிட்டேன்" என்றாள். அத்தை அடுக்களைக்குள் போய்விட்டார்.

30, வியாழன்

டவுணில் ஆஸ்பத்திரி. கூட்டம். செல்விக்கு உள்ளே பி.பி. பார்க்கும்போது டாக்டரம்மா என்னிடம் கேட்டார், உங்க அம்மாவுக்குப் பிரசவம் எப்படி இருந்தது என்று. ஜன்னி வந்து நான் பிறந்த அன்றே போய்விட்டார்கள் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

எனக்குப் புரிந்தவரை: மரபணு அதேதான் இருக்கும். எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும் என்று அதன்மேல் அடையாளங்கள் உண்டு. துணி ஒன்றுதான், தையல்காரர் சாக்கட்டியால் கோடு போடுவது மாதிரி. அந்தக் கோடு பிசகினால் நஞ்சுக்கொடி சரியாக வேர் பிடிக்காமல் போகலாம், அப்போது தாய்க்கு பி.பி. எகிறும். நஞ்சுக்கொடியில் தகப்பன் பங்கும் உண்டாம். அம்மா வயிற்றில் நான் கிடந்தபோதே என்மேல் விழுந்த கோடாகக்கூட இருக்கலாம். உறுதியில்லை, இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்றார். "உப்பு மாவால வந்ததில்லன்னு மட்டும் உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க."

பஸ்ஸில் சொல்லவில்லை. ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். தூங்கட்டும் என்று எனக்கு நானே சாக்கு.

31, வெள்ளி

மழை. லீவு. என்னை வளர்த்த பெரியம்மையிடம் போய்க் கேட்டேன், அம்மாவுக்குக் கடைசியில் என்னதான் செய்தது என்று. சாவகாசமாகச் சொன்னாள்: "மொகம்லாம் ஊதிப்போச்சுலே. கண்ணு தெரியலன்னா. பொறவு கைகால் வெட்டு வந்து இழுத்துட்டு." உடனேயே, செல்வி அம்மை வீட்டு உப்புதான் பிள்ளையைக் கொன்றது என்று ஆரம்பித்தாள். முதன்முறையாக அவளிடம் சத்தம் போட்டேன். காப்பி குடிக்காமல் எழுந்து வந்தேன்.

என்னால் இருக்குமோ. எழுதவே கை கூசுகிறது. நாளை சொல்லிவிட வேண்டும். சொன்னால் என் முகத்தில் முழிப்பாளா?

1 நவ., சனி

மழை விட்டிருக்கிறது. ஆற்றில் செந்தண்ணீர். குடையைப் பெரியம்மை வீட்டிலேயே மறந்துவிட்டேன்.

செல்வி பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அத்தை காதிலும் விழட்டும் என்று நின்றபடியே எல்லாம் சொன்னேன். உப்பு இல்லை, நீ இல்லை, என் வழியாகவும் வந்திருக்கலாம். உள்ளே அத்தை அழும் சத்தம்.

செல்வி அலசுவதை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் உடைத்தது போக மிஞ்சிய ஒற்றை வளையல், தானாகக் கழன்று வாளிக்குள் விழுந்தது. கை அவ்வளவு வற்றிவிட்டது. எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொள்ளவில்லை, உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ ஒங்க அம்மைக்கும் கை வீங்கித்தான் இருந்திருக்கும், என்ன?"

இருந்திருக்கும் என்றேன்.

"பிள்ளைக்கு அவுக பேரையே வச்சிருவோம்."

இனி எதுக்கு என்று கேட்டுவிட்டேன். மடையன்.

"நாம சொல்லி அழ ஒரு பேரு வேண்டாமா?"

கோமதி.