கல்லுக்குக் கோதுமை

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்தே தூறல். துணி எதுவும் காயவில்லை. இட்லி மாவு தீர்ந்தது. மறுபடியும் தோற்றேன்.

இந்த ஆட்டத்தை ஏன் கண்டுபிடித்தார்கள். அட்டையில் ஒரு தீவு. மரம், செங்கல், ஆடு, கோதுமை, கல் என்று ஐந்து சரக்கு. இரண்டு பகடையில் விழும் எண்ணைப் பொறுத்துச் சரக்கு கிடைக்கும். இல்லாததை அடுத்தவரிடம் மாற்றி வாங்கி, பாதை போட்டு வீடு கட்ட வேண்டும். வீட்டுக்கு ஒரு புள்ளி. பத்துப் புள்ளி முதலில் எடுப்பவருக்கு ஜெயம். செந்திலின் கல்லூரி நண்பர்கள் கோகுலும் தினேஷும் ஞாயிறு ஆனால் சரவணம்பட்டிக்கு வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டு ஹாலில்தான் தீவு. கல்யாணமான புதிதில் நாலாவது ஆள் இல்லை என்று என்னை உட்கார வைத்தார்கள். இன்றுவரை நான் நாலாவது ஆள்தான்.

ஏழு விழுந்தால், உருட்டியவர் திருடன் பொம்மையை யாராவது ஒருவரின் நிலத்தில் வைக்கலாம். அங்கே விளைச்சல் நின்றுவிடும். செந்தில் எப்போதும் என் நிலத்தில்தான் வைப்பார். கேட்டால், "பொண்டாட்டிக்குச் சலுகை காட்டறேன்னு இவனுக சொல்லிப்போடுவானுக." நான் டீ போடப் போன நேரத்தில் கோகுலே எனக்கும் சேர்த்துப் பகடை உருட்டிவிட்டார். வந்த ஆட்டை எனக்குத் தரவில்லை.

அடுத்த ஞாயிறு வெள்ளகோவில் போகலாமா என்று கேட்டேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து இன்னும் போய்ப் பார்க்கவில்லை. கோகுல் குறுக்கே விழுந்தார். "தங்கச்சி ஜெயிச்சா போகட்டும்டா."

செந்தில் சிரித்தார். "அப்படியே வெச்சுக்கலாம் அம்மணி. நீ ஜெயிக்கற வாரம் நாம வெள்ளகோவில்."

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் ஆறவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காந்திபுரம் பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே போனில் அதே ஆட்டத்தை ஆடிப் பார்த்தேன், முகம் தெரியாதவர்களோடு. தெரிந்துகொண்டவை:

- ஏழை விட்டால் ஆறும் எட்டும்தான் அதிகம் விழும். முதல் வீடு அந்த எண் போட்ட நிலத்தில். செ. அதைத்தான் செய்கிறார், எனக்குச் சொன்னதே இல்லை.
- ஆடு யாருக்கும் வேண்டாம். ஆட்டை நம்பக் கூடாது.
- கோதுமையும் கல்லும் உள்ளவன் கடைசியில் ஜெயிக்கிறான். வீட்டை மாளிகையாக்க மூன்று கல், இரண்டு கோதுமை. மாளிகைக்கு ஒரு புள்ளி கூடுதல்.
- சரக்கு கொடுத்துச் சீட்டும் வாங்கலாம், சிலதில் ஒரு புள்ளி இருக்கும். அதைக் கவிழ்த்தே வைக்க வேண்டும்.
- முன்னால் போகிறவனைத்தான் எல்லோரும் அடிப்பார்கள். பின்னால் இருப்பது போலவே இருக்க வேண்டும். அது எனக்குப் பழக்கம்தான்.

கடையில் பில் போடும்போது ஒருத்தருக்கு மிக்ஸிக்குப் பதில் கிரைண்டர் என்று அடித்துவிட்டேன். மேனேஜர் முறைத்தார். முறைக்கட்டும். கியாஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

அம்மா போன். "ஞாயித்துக்கெழமை வாரீங்களா கண்ணு?"

பார்க்கலாம் என்றேன்.

"மாப்பிள்ளைக்கு வேலை இருக்குமாட்ட இருக்குது. உடு."

வேலை. சோபாவில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. தட்டை ஓங்கி வைத்தேன். திரும்பவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காற்று. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. டீயை முன்னாடியே போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி நடுவில் வைத்துவிட்டேன். இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

பாதி ஆட்டம் வரை வாய் திறக்கவில்லை. செ. வழக்கம்போல் திருடனை என்மேல் வைத்தார். வைக்கட்டும். அவர்கள் கண்ணுக்கு எனக்கு ஆறு புள்ளி. கவிழ்த்து வைத்த சீட்டில் இன்னும் இரண்டு. அதோடு வேறொரு சீட்டும் இருந்தது: ஒரு சரக்கின் பெயரைச் சொன்னால் எல்லோரும் கையில் உள்ள அந்தச் சரக்கு முழுவதையும் தந்துவிட வேண்டும்.

கையில் நாலு கல். கோதுமை ஒன்றுகூட இல்லை.

"அண்ணா, கல்லு வேணுங்களா? கோதுமை குடுத்தாப் போதும்."

கோகுல் இரண்டு வாங்கினார். தினேஷ் ஒன்று. செந்தில் என்னைப் பார்த்தார். "கல்லைப் போயி யாராச்சும் விப்பாங்களா அம்மணி? சரி, எனக்கொண்ணு குடு." தலையை ஆட்டிக்கொண்டு கோதுமையை நீட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். நான் கார் ஓட்டப் பழகியபோதும் அதே.

சீட்டைத் திருப்பினேன். "கல்லு. எல்லாரும் குடுங்க."

விற்ற நாலும் வந்தன. செந்தில் சேர்த்து வைத்திருந்த மூன்றும் வந்தன. இரண்டு மாளிகை. கவிழ்த்த சீட்டுகளைத் திறந்தேன். பத்து.

தினேஷ் கைதட்டினார். கோகுல், "தங்கச்சி ஏமாத்திப்போட்டாங்க" என்றார். செந்தில் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இரண்டு முறை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல சந்தோஷம் இல்லை. இருந்தாலும் இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று ராத்திரி சாப்பிடவில்லை அவர். வயிறு சரியில்லையாம். இன்று நானே கேட்டேன், ஞாயிறு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று.

"வர்ற ஞாயிறு தினேசு ஊட்டுல ஆட்டம். நாங்க மூணு பேரு மட்டும்."

"வெள்ளகோவில்னு சொன்னீங்களே."

"வெளையாட்டுக்குச் சொன்னதையெல்லாம் புடிச்சுக்குவியா?"

கியாஸ் வந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

அவர் எழுவதற்குள் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்ட். கரூர் பஸ். காங்கேயம் தாண்டும்வரை போனைப் பார்க்கவில்லை. பார்த்தபோது அவரிடமிருந்து ஒன்றும் இல்லை.

அம்மா கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்றாள். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். "தனியாவா வந்தே? சண்டையா?"

"இல்லீங்மா. பஸ்ஸுல இடம் கெடச்சுது, வந்துட்டேன்."

கண்ணாடியைக் கழற்றி என் முகத்தைப் பார்த்தாள். இப்போது நன்றாகத் தெரிகிறதாம். நான் இளைத்துவிட்டேனாம். சொட்டு மருந்தை நானே விட்டேன். மத்தியானம் அவள் கட்டிலில் படுத்துத் தூங்கினேன், மாதக்கணக்கில் தூங்காதவள் மாதிரி.

ஜூன் 23, திங்கள்

காலையில் வெள்ளகோவிலிலிருந்து நேராகக் கடைக்கு. வேலை முடிந்து வந்தால் வீட்டில் விளக்கு எரிகிறது. செந்தில் சீக்கிரம் வந்திருக்கிறார். தரையில் தீவு விரித்திருந்தது. என் சிவப்புக் காய்களை வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். அவரே டீயும் போட்டிருந்தார், சர்க்கரை அதிகம்.

"நேத்து ஆட்டம் சப்புனு போச்சு. நீ இல்லாம நல்லாவே இல்ல."

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என்று நின்றேன்.

"வா அம்மணி. நாம ரெண்டு பேரு மட்டும் ஒரு ஆட்டம் போடலாம்."

"ரெண்டு பேரு ஆட முடியாதுங்க. மூணு பேராச்சும் வேணும். டப்பாவுலயே போட்டிருக்குது."

டப்பாவைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். நான் அரிசி ஊறப்போடப் போனேன்.