கோல் அளவு: முப்பது

நெய்தல் ஆய்வு நிலையம், டைட்டன் நிலவு. பதிபவர்: தணிகாசலம்.

நாள் 1. 06:10
கோல் அளவு: 30 செ.மீ. குறைவில்லை.
பொறியாளர் மங்கையர்க்கரசிக்கு முதுகெலும்பு முறிவு. மயக்க மருந்து கொடுத்து, தூக்கப் பேழையில் வைத்திருக்கிறேன். மீட்புக் கலம் வர இருபது நாள். வெளியே குளிர் மைனஸ் 179. பேழையைச் சூடாக வைத்திருப்பது மின் கணப்பு. அது நின்றால், அடுப்பில் எரிக்க, பூட்டிய பெட்டியில் ஆறு லிட்டர் சுத்த எரிசாராயம். மூன்று நாள் எரியும். அந்தப் பெட்டியின் சாவியை அவர் என்னிடம் தந்தார். நான் குடியை விட்டு ஆறு ஆண்டு. என்னை நம்பி இந்தப் பயணத்துக்குப் பரிந்துரைத்தவர் அவர். தினமும் கோல் விட்டு அளந்து எழுதுவதாக நானே சொன்னேன்.
தூங்குமுன் அவர் பதிந்த குரல்: “தணிகா, எந்திரிச்சதும் எனக்குக் காப்பி வேணும். நீ போடாத. வர்றவங்கள போடச் சொல்லு.”

நாள் 4. 06:10
கோல் அளவு: 30.
குடிவேட்கையை அடக்க என் மூளையில் வைத்த சில்லு நேற்று நின்றுவிட்டது. மாற்று இல்லை. மூடியைத் திறந்ததும் எச்சில் ஊறியது.
நான் குடியை விட்ட நாள் முதல் துணை நிற்கும் சகாயமேரி அக்கா, தூத்துக்குடியிலிருந்து. குரல் வந்து சேர எண்பது நிமிடம். “ஏலேய், யாருல ஒன்ன தெனமும் அளக்கச் சொன்னா? மூடுனது மூடுனபடி கெடக்கட்டும். அந்த வாசனையே ஒன்னக் கூப்பிடும்.”
அளக்காவிட்டால் மங்கையிடம் எதைக் காட்டுவது?

நாள் 7. 06:25
கோல் அளவு: 30.
கோலைத் துடைப்பதற்குப் பதில் நக்கினேன். ஒரு சொட்டுதான். ஆறு ஆண்டு ஒரு நொடியில் போனது.

நாள் 9. 11:40
கோல் அளவு: 30. தண்ணீர் ஊற்றிய பின்.

நாள் 13. 10:15
கோல் அளவு: 30.
அக்கா: “கொரலு ஒரு மாதிரி இழுக்குதே. குடிச்சியால?”
இல்லை என்று அனுப்பினேன்.
பதில்: “சரிப்பா, நம்புதேன். இந்தக் கெழவிக்குத் தூக்கமே இல்ல ஒன்னால.”
திட்டியிருக்கலாம்.

நாள் 18. 14:05
மின் கணப்பு நின்றது. கலம் வர இரண்டு நாள். எரிசாராயத்தை அடுப்பில் விட்டேன். பற்றவில்லை. மூன்று முறை. பாதிக்கு மேல் தண்ணீர்.

நாள் 18. 16:30
சோதனைக்கூடக் குடுவையில் காய்ச்சி வடித்தால் மீட்கலாம். முதல் நூறு மில்லி தெளிவாக வந்தது. கை நடுங்கியது, குடுவையைப் பிடிக்க முடியவில்லை. நடுக்கம் நிற்பதற்காக அதைக் குடித்தேன். பிறகு அடுத்ததையும்.

நாள் 19. 09:00
பேழை குளிர்ந்துவிட்டது என்று எச்சரிக்கை மணி. எழுந்து போய்
நிறுத்தினேன். மணியை.

நாள் 20. 07:50
கலத்திலிருந்து: “நெய்தல், எறங்கிட்டு இருக்கோம். மங்கை மேடத்துக்குக் காப்பி ரெடி.”
தண்ணீர் ஊற்றி அளந்தேன்.
கோல் அளவு: 30 செ.மீ. குறைவில்லை.