ஓவியாவுக்கு வராத வீசிங்

ஜனவரி 12, திங்கள்

காலையில் பனிமூட்டம். அஜ்மானிலிருந்து துபாய் போய்ச்சேர அரை நாள் ஆனது போல் இருந்தது. பஸ்ஸில் பாதித் தூக்கம், பாதி எரிச்சல். போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே. டேட்டா ரூமில் போன் கூடாது. வெளியே வரும்வரை உலகமே கிடையாது.

இந்த மாத வேலை: பள்ளி வருகைப் பதிவு, ஆஸ்பத்திரிப் பதிவு, தடுப்பூசி, விசா. நான்கு இலாகா, நான்கு கோப்பு. ஒரே குழந்தையின் விவரங்களைத் தேடிப் பிடித்து ஒரு வரியாகக் கோக்க வேண்டும். பெயர் இருக்காது, குறியீடு மட்டும். இங்குள்ள பிள்ளைகள் நலமாக இருக்கிறார்களா என்று மேலே யாரோ கேட்கிறார்களாம். நல்ல கேள்விதான்.

வாங்க: தோசை மாவு, டெட்டால், ஓவியாவுக்கு வெள்ளை சாக்ஸ்.

சமையலறையில் ஜெசிமா. பக்கத்து ரூம் குடும்பம், கீழக்கரை. ஒரு ஃபிளாட், இரண்டு குடும்பம், ஒரு அடுப்பு. அவள் மகள் நஸ்ரினுக்கு மறுபடி நெஞ்சில் விசில் சத்தம். "பனி ஒத்துக்கலக்கா" என்றாள். அவள் கணவரின் கம்பெனி மூடியதிலிருந்து அவர்கள் யாருக்கும் விசா இல்லை. இன்சூரன்ஸ் இல்லை. நஸ்ரினுக்குப் பள்ளியும் இல்லை. இதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

முரண் வரிகள். அதாவது ஒரே குழந்தை, ஒரே காலை, பள்ளியிலும் இருக்கிறது, கிளினிக்கிலும் இருக்கிறது. பெரும்பாலும் யாராவது தேதியைத் தப்பாக அடித்திருப்பார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்தாள். ஆறு வயது, அஜ்மான். லீவே போடாதவள். ஆனால் அதே நாட்களில் கிளினிக்கில் வீசிங், நெபுலைசர். கீழே இன்னொரு வரி: மோவாயில் தையல், எஸ்கலேட்டரில் விழுந்து, பெருநாள் லீவில்.

அந்த மோவாயை இன்று காலையில்தான் கழுவிவிட்டேன்.

ஓவியா. என் பெண். அவளுக்கு வீசிங் வந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் முரளியைக் கேட்டேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே சொல்கிறார் மனுஷன்.

"நான்தான் ஓவியாவோட ஐடி கார்டை நஸ்ரினுக்குக் குடுத்தேன். அந்தப் புள்ள மூச்சு விட முடியாம கெடந்துச்சு. ரெண்டும் ஒரே வயசு. கார்டுல இருக்கறது கைக்குழந்தை போட்டோ. யாரு பாக்கப் போறா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அதனால்தான் இவ்வளவு கோபம். ரசத்தில் உப்புப் போட மறந்தேன். அப்படியே சாப்பிட்டார்கள்.

ஜனவரி 14, புதன்

முரண் வரிகள் எல்லாம் விசாரணைக்கு இலாகாவுக்கே திரும்பிப் போகுமாம். விசாரித்தால் முதலில் எங்களுக்கு போன் வரும். அடுத்தது ஜெசிமாவின் கதவு. ஃபைன், ஜெயில், ஊர்.

பிழை என்று தெரிந்தால் என்ன செய்வது என்று மேனேஜரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். லக்னோக்காரர். டீ கப்பைக் கீழே வைக்காமலே, "அரே சோடோ, டெலீட் கரோ. கலாஸ்." விட்டுத்தள்ளு, அழி, முடிந்தது கதை என்கிறார்.

டெலீட். கிளினிக் வரிகள் அத்தனையும். கணக்குப்படி ஓவியா இப்போது ஆரோக்கியமான குழந்தை. நஸ்ரினின் இருமல் எங்கேயுமே இல்லை. இனி அறிக்கையில் அஜ்மான் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதல் நலமாக இருப்பார்கள்.

கார்டை அலமாரியிலிருந்து எடுத்து என் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன். முரளியிடம் சொல்லவில்லை. பயம், வேறொன்றும் இல்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். லீவு கிடையாது. காலையில் குக்கரில் பொங்கல் வைத்து ஜெசிமாவுக்கு ஒரு கிண்ணம். நஸ்ரின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றாள். "ஓவியா, டுடே ஆர்ட் கிளாஸா?" என்று கேட்டு முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

பார்த்தேன். பையில் கார்டு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் எழுதுகிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மதியம் லாக்கரைத் திறந்தால் மிஸ்டு கால். முரளி, ஜெசிமா, முரளி, ஜெசிமா. கார்டைத் தேடி வீட்டையே புரட்டியிருக்கிறார்கள். நான் போனை எடுப்பேன் என்று காலை முழுக்கக் காத்திருந்திருக்கிறார்கள், பாவிகள். கார்டு இல்லாமல் போனால் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம். பிள்ளையின் உதடு நீலமான பிறகுதான் டாக்ஸி.

கவுண்டரில் பெயர் கேட்டதும் ஜெசிமா எப்போதும் சொல்வதையே சொல்லியிருக்கிறாள். ஓவியா. ஐடி நம்பரும் அவளுக்கு மனப்பாடம். எனக்கே தெரியாது.

"பயத்துல வாயில அதுதான்க்கா வந்துச்சு. மன்னிச்சிருங்கக்கா."

என் கையை விடவே இல்லை. அவள் முழங்கையில் இடித்துக்கொண்டிருக்கும் பையில்தான் கார்டு. இன்னும் சொல்லவில்லை. நான் ஒரு மனுஷியா?

ஓவியா பள்ளியில் இருக்கிறாள். ஓவியா ஐசியுவிலும் இருக்கிறாள். அடுத்த மாதக் கோப்பில் இந்த வரி என் மேசைக்கே வரும்.

கதவு திறந்தது. மலையாளி நர்ஸ், கையில் பேப்பர். குழந்தை தானாக மூச்சு விடவில்லையாம். டியூப் போட வேண்டும், உடனே, அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

"ஓவியாவோட அம்மா யாரு?"

இரண்டு பேரும் எழுந்தோம்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.