வண்டிகளை நிறுத்துகிறேன்

என் மூத்த மகளுக்கு,

சொல்லவிருப்பவை:
1. உன் வீட்டோடு வந்து இருக்கமாட்டேன்.
2. பள்ளிக்கூட வாசலில் ‘நில்’ பலகையைப் பிடித்து வண்டிகளை நிறுத்துவதை விடமாட்டேன்.
3. எனக்குப் பயமில்லை.

போன வாரம் லாரி என் தோளை உரசியது உண்மைதான். சிராய்ப்பு ஆறிவிட்டது. நேற்று அதே லாரியின் ஓட்டுநர், “யோவ் பெருசு, வீட்டுல சொல்லிட்டு வந்தியா?” என்று கத்தினார்.

“வீட்டுல யாருமில்ல தம்பி. உன்கிட்டதான் சொல்றேன், நில்லு!” என்றேன்.

நின்றார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சாலையைக் கடந்தார்கள். யாரையும் அதட்டியே அறியாதவன் நான். உன் அம்மா இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

எழுபத்தெட்டு வயதில், பத்திரமாக உட்கார்ந்திருக்க எனக்கு நேரமில்லை. நாளையும் எட்டு மணிக்கு அங்கே நிற்பேன்.

திருப்பிப் படித்தேன். மூன்றாவதாக எழுதியது தவறு. லாரி நிற்கும்வரை எனக்குக் கால் நடுங்கியது. மற்ற இரண்டிலும் மாற்றமில்லை.

அப்பா