ஒற்றைக் கைச் சட்டைக்கு ஒரு முகம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று, ஆன்லைனில் காணொளி போடுகிற பதினொரு பேருக்கு, எங்கள் சட்டையைக் காட்டச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது இரண்டு. ஒருத்தி "ஹாய் டியர், ரேட் கார்டு அனுப்புறேன்" என்றாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். நான் டியராம். இன்னொருவர் தன் குடும்பத்தில் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு சட்டை அனுப்பினால் யோசிப்பதாகச் சொன்னார். குடும்பப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு பேருக்கும் இரண்டு கையும் திடமாக இருக்கிறது.

நாங்கள் விற்பது ஒரே கையால் போட்டுக்கொள்ளும் சட்டை. வெளியே பார்த்தால் சாதாரணப் பொத்தான்தான். அதற்கு அடியில், துணிக்குள் வைத்துத் தைத்த சின்னக் காந்தம். இரண்டு பக்கத்தையும் கிட்டே கொண்டுபோனால் தானே ஒட்டிக்கொள்ளும். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, தினமும் காலையில் நான்தான் பொத்தான் போட்டுவிடுவேன். முடியும்வரை இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நாத்தனார் தைத்ததுதான் முதல் சட்டை. ஆன்லைன் கடை திறந்து ஏழு மாதம் ஆகிறது. இதுவரை விற்றது நாற்பத்தொன்று. அதில் பாதி சொந்தக்காரர்கள், முகதாட்சண்யத்துக்காக வாங்கியது. சட்டையில் குறையில்லை. இப்படி ஒன்று இருப்பது தேவைப்படுகிறவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களிடம் சொல்ல ஒரு முகம் வேண்டும்.

மத்தியானம் நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, யூனிஃபார்ம் ஃபேக்டரில சூப்பர்வைசர் வேலை. ஜூலை ஒண்ணாம் தேதி வரச் சொல்றாங்க. நான் இன்னும் சரின்னு சொல்லல." சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டாள்.

இருபத்தேழு நாள் இருக்கிறது. போதும்.

ஜூன் 5, வியாழன்

நோட்டில் அறுபத்து மூன்று பெயர். சமையல் செய்கிறவர், துணி காட்டுகிறவர், பயணம் போகிறவர், குழந்தையை வைத்துச் சிரிக்க வைக்கிறவர். எல்லாரையும் பின்தொடர்கிறவர்கள் லட்சம், இரண்டு லட்சம் பேர்.

இவர் பின்னால் வந்து நின்று பார்த்தார். மருந்துக் கம்பெனியில் இருபது வருடம் தரப் பரிசோதகராக இருந்த கண். பாட்டில் மூடியில் மயிரிழை கீறல் இருந்தாலும் விடாது.

"ஏம்மா, இவளுக்கு ரெண்டு லட்சம் பேராம். கீழ பாரு. எல்லாரும் இதயமும் நெருப்பும்தான் போட்டிருக்காங்க. ஒருத்தராவது 'எங்க கிடைக்கும், துவைச்சா சாயம் போகுமா'ன்னு கேட்டிருக்காங்களா?"

யாரும் கேட்கவில்லை. ஒரே ஆள் பேர் மாற்றி எழுதியதுபோல "சூப்பர், சூப்பர்" என்று வரிசையாக நிற்கிறது. அறுபத்து மூன்றில் நாற்பதை அடித்துவிட்டேன்.

நாத்தனார் மெதுவாக ஆரம்பித்தாள்: "எதுக்கு இவ்வளவு தேடணும்? அண்ணனே வீடியோல வரட்டுமே."

இவர் கோபப்படவில்லை. "சட்டையைப் போட்டுக்கிட்டு எங்க வேணும்னாலும் போறேன். என்னைக் காட்டி விக்க மட்டும் வேணாம்" என்றார்.

அத்தோடு முடிந்தது. இனி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, நானும்.

ஜூன் 9, திங்கள்

எட்டு லட்சம் பேர் பின்தொடரும் புன்னகைக்காரர் சம்மதித்துவிட்டார்! (பெயர் வேறு. எந்நேரமும் பல் தெரிவதால் எங்கள் வீட்டில் இப்படி.) அவருடைய மேனேஜரே கூப்பிட்டார். "கான்செப்ட் ரொம்ப எமோஷனலா இருக்கு மேடம். நாங்க பார்த்துக்கறோம்." நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இவர் மட்டும் கேட்டார்: "அவருக்கு நம்ம சட்டை எதுக்கு?"

"எட்டு லட்சத்துல எட்டு பேருக்காவது கை வராம இருக்காதா?"

"அப்ப அந்த எட்டுல ஒருத்தரைத் தேடேன்."

எரிச்சலாக வந்தது. நல்லது நடக்கும்போது நடுவில் ஒரு முட்டுக்கட்டை. காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, கேட்ட பணத்தையும் அனுப்பினேன். காணொளியை முன்கூட்டியே காட்டுவார்களா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ஜூன் 14, சனி

நாளை காலை பத்து மணிக்குக் காணொளி வெளிவருகிறது. நாத்தனார் முப்பது சட்டை வெட்டி அடுக்கிவிட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

எப்படி எழுதுவது இதை?

புன்னகைக்காரரின் கழுத்திலிருந்து தொங்கும் கட்டுக்குள் வலது கை. சோகமாகப் புல்லாங்குழல். அவர் சட்டையோடு மல்லாடுகிறார், கண்ணீர் விடுகிறார். அப்புறம் எங்கள் சட்டை வருகிறது, டப் டப்பென்று ஒட்டிக்கொள்கிறது. சிரிப்பு. கடைசியில் — கடைசியில் அந்தக் கட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஒரு ஆட்டம். "நம்ம சட்டை போட்டா கையே சரியாயிடும்!" என்று கீழே எழுத்து.

இவர் முழுசாகப் பார்த்தார். அலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "ஆடறான் பாரு" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. நான்தானே கையெழுத்துப் போட்டேன்?

ஜூன் 16, திங்கள்

நேற்றிலிருந்து பத்தொன்பது ஆர்டர். ஏழு மாதத்தில் நாற்பத்தொன்று, ஒரே நாளில் பத்தொன்பது. நாத்தனார் எண்ணிக்கையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள், துக்க வீட்டில் நல்ல செய்தி சொல்கிறவள் மாதிரி.

கீழே திட்டுகள். அதில் ஒன்று நெஞ்சில் தைத்துவிட்டது: "கை இல்லாதவங்க சட்டை போடறது உங்களுக்கு வேடிக்கையா? இதை விக்கறவங்க ஒரு நாளாவது ஒத்தைக் கையால போட்டுப் பார்த்தாங்களா?"

பார்த்தேன்மா. தினம் காலையில பார்க்கிறேன். உனக்கு என்ன தெரியும் எங்க வீட்டைப் பத்தி? — இப்படியெல்லாம் பதில் எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். அவள் கேட்டதில் என்ன தப்பு?

காணொளி அப்படியே இருந்தால் இன்னும் ஐம்பது ஆர்டர் வரலாம். நாத்தனார் ஃபேக்டரிக்குப் போக வேண்டியிருக்காது. இதையும் யோசித்தேன். பொய் சொல்லப் போவதில்லை, இந்த நோட்டிலாவது.

நாளை நேரில் போகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

புன்னகைக்காரரின் ஸ்டுடியோ. வரவேற்பறையில் மூன்று வட்ட விளக்கு, ஒரு பிளாஸ்டிக் செடி. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன்.

மேனேஜர் சிரித்தார். "மேடம், திட்டினாலும் ரீச் ரீச்தான். நாலு நாள் பொறுங்க."

"எடுத்துடுங்க."

"எடுத்தா பேமென்ட் திரும்ப வராது."

"நான் அதைக் கேக்கவே இல்லையே. வீடியோவை எடுத்துடுங்கன்னுதான் கேக்கறேன்."

மீட்டிங் என்றார், சாப்பாட்டு நேரம் என்றார். நான் செடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி வாக்கில் புன்னகைக்காரரே வெளியே வந்தார். நேரில் பார்த்தால் சின்னப் பையன் முகம், பல்லும் அவ்வளவு தெரியவில்லை.

"தப்பா நினைச்சுப் பண்ணல அக்கா. கடைசியில ஜாலியா முடிஞ்சாத்தான் ஷேர் பண்ணுவாங்கன்னு டீம் சொன்னாங்க."

"தம்பி, என் வீட்டுக்காரர் கை சரியாகாது. அவர் இதைக் கடைசிவரைக்கும் பார்த்தார்."

அலைபேசியை எடுத்தார். என் எதிரிலேயே நீக்கினார். மன்னிப்புக் கேட்டார், அதையும் எழுதி வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கடைப் பக்கத்தில் எங்கள் மன்னிப்பைப் போட்டேன். பத்தொன்பது பேருக்கும் தனித்தனியாக எழுதினேன்: சட்டை கையைச் சரி செய்யாது, அது சட்டை மட்டும்தான், வேண்டாமென்றால் சொல்லுங்கள். ஏழு பேர் வேண்டாம் என்றார்கள்.

பன்னிரண்டு பேர் வேண்டும் என்றார்கள்!

ஜூன் 19, வியாழன்

இவர் நான்கு நாளுக்குப் பிறகு இன்றுதான் சரியாகப் பேசினார். அலைபேசியை என் முன்னால் வைத்து, "உன்னைத் திட்டினவ யாருன்னு பார்த்தியா?" என்றார்.

ஐம்பது வயசு இருக்கும். மின்விசிறி, ரேடியோ, இஸ்திரிப்பெட்டி ரிப்பேர் செய்கிறவள். இடது கை முழங்கையோடு நின்றுவிடுகிறது. மேசையில் பிடிகருவியை மாட்டி, ஒரே கையால் பிரித்துப் பூட்டுவதைக் காணொளியாகப் போடுகிறாள். பாட்டு இல்லை, கும்பிடு இல்லை. "இந்த ஒயர் கருகிப் போச்சு. ஏன்னு பார்ப்போம்" என்றுதான் ஆரம்பம். பின்தொடர்கிறவர்கள் ஆறாயிரம்தான். ஆனால் கீழே முழுக்கக் கேள்வி. "அக்கா, இந்தப் பிடி எங்க வாங்கினீங்க?" "எனக்கும் ஒரு கைதான், ஸ்க்ரூவை எப்படி நிறுத்தறது?" ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டிருக்கிறாள்.

நோட்டிலிருந்த மிச்சப் பெயர்களையெல்லாம் அடித்துவிட்டு ரிப்பேர்காரி என்று எழுதினேன்.

கடிதத்தை நான்கு தடவை எழுதினேன். கடைசியில் அனுப்பியது: "நீங்கள் கேட்டது நியாயம். அந்தச் சட்டை விற்றவள் நான்தான். ஒன்று அனுப்பட்டுமா?"

ஜூன் 20, வெள்ளி

ரிப்பேர்காரியின் பதில்: "விளம்பரமெல்லாம் பண்ண மாட்டேன். காசும் வேணாம். ஒரு வாரம் போட்டு வேலை செஞ்சு பார்ப்பேன், மனசுல பட்டதைச் சொல்வேன். முன்னாடியே உங்ககிட்ட காட்ட மாட்டேன். சம்மதமா?"

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "திட்டினவளையே கூப்பிட்டு, இன்னொரு தடவை திட்டுங்கன்னு கேக்கறீங்களா அண்ணி?"

ஆமாம். கேட்கிறேன். இன்றே அனுப்பிவிட்டேன்.

ஜூன் 28, சனி

காலையில் வந்தது. ஆறு நிமிடம். முதலில் பேச்சே இல்லாமல் போட்டுக் காட்டினாள். பதினோரு நொடி. "இதுக்கு முன்னாடி எனக்கு நாலு நிமிஷம் ஆகும். சில நாள் விட்டுட்டு மேல ஒரு துண்டைப் போர்த்திக்குவேன்" என்றாள். நாத்தனார் என் தோளைக் கிள்ளினாள்.

அப்புறம் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். காந்தத்தில் நான்கு ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒரு மணி நேரமா இதைத்தான் தேடறேன்." இவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்தினாள். "நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்கறவங்க மேல காந்தம் படக் கூடாது. இதை இவங்க கடையில எங்கயுமே எழுதல. எழுதற வரைக்கும் வாங்காதீங்க."

ஏழு மாதம். நாங்கள் யோசிக்கவே இல்லை. பக்கவாதம் வந்தவர்களில் எத்தனை பேருக்கு இதயக் கோளாறும் இருக்கும்! இவருடைய டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நிச்சயமா கூடாதும்மா" என்றார், இது ஒரு கேள்வியா என்பதுபோல.

உட்கார்ந்து அழ நேரமில்லை. வாங்கியவர்கள் மொத்தம் ஐம்பத்து மூன்று பேர். மூவரும் பட்டியலைப் பங்கிட்டுக்கொண்டு கூப்பிட்டோம். இவருக்கு இன்னும் சில வார்த்தை குழறும், போனில் பேசவே மாட்டார். இன்று பதினாறு பேரிடம் பேசினார்.

நாற்பத்தெட்டாவது ஆள், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "ஆமா, போன வருஷம் வச்சாங்க" என்றார்.

"சட்டை போட்டீங்களா சார்?"

"இன்னும் கவரையே பிரிக்கலம்மா. பேத்தி கல்யாணத்துக்கு வச்சிருக்கேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிரிக்காதீங்க சார், பிரிக்கவே பிரிக்காதீங்க.

ஜூன் 30, திங்கள்

கடைப் பக்கத்தின் உச்சியிலேயே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. ஒவ்வொரு சட்டைக் கழுத்திலும் அதே வரி தைத்த லேபிள். காந்தம் ஆகாதவர்களுக்கு வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்த இன்னொரு வகை; வாத்தியாருக்கு முதல் சட்டை போய்விட்டது. மணிக்கட்டில் காந்தத்தை எடுத்துவிட்டு எலாஸ்டிக். மாற்றியதையெல்லாம் ரிப்பேர்காரிக்கு எழுதி, புதிய சட்டை ஒன்றையும் அனுப்பினேன். நன்றி என்று மட்டும் சேர்த்தேன்.

நாளை ஒன்றாம் தேதி. நானே சொன்னேன்: "நீ போய்ச் சேரு. எனக்கு வருத்தமில்ல. நான் தைக்கக் கத்துக்கறேன்."

நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க தைச்ச லேபிளைப் பார்த்தேன் அண்ணி. கழுத்துல இருக்க வேண்டியது காதுக்குப் போகுது." ஃபேக்டரிக்கு போன் போட்டு இன்னும் பதினைந்து நாள் கேட்டாள். கொடுத்தார்கள்.

ஜூலை 7, திங்கள்

பதிலே இல்லை. ஆர்டரும் இல்லை. லேபிள் தைத்துக்கொண்டே இருக்கிறோம்.

ஜூலை 11, வெள்ளி

ரிப்பேர்காரி இரண்டாவது காணொளி போட்டுவிட்டாள். நாங்கள் கேட்கவே இல்லை.

"போன தடவை வாங்காதீங்கன்னு சொன்னேன். ரெண்டே நாள்ல மாத்தியிருக்காங்க. வாங்கினவங்க ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணியிருக்காங்க, அதுல ஒருத்தர் எனக்கே சொன்னார். இப்ப வாங்கலாம்." மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். "ஸ்க்ரூ எல்லாம் டப்பாலயே இருக்கு."

கீழே கேள்வி, கேள்வி, கேள்வி. வாஷிங் மெஷினில் போடலாமா, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகுப் பக்கம் மேலே ஏறிக்கொள்ளுமா, பெண்களுக்கு உண்டா. இவர் அலைபேசியைத் தொடையில் வைத்து இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றுக்கும் பதில் அடித்தார். நான் கிட்டே போனால், "இரும்மா, தப்பாச் சொல்லிடப் போறே" என்கிறார்.

சாயந்திரம் அவளிடமிருந்து, அவளைப்போல ஒரு கையால் சமாளிக்கிற நான்கு பேரின் பெயர் வந்தது. ஒரு ஓட்டுநர், ஒரு நர்ஸ், செடி வளர்க்கிறவர் ஒருவர், சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிற பெண். யாருக்கும் பத்தாயிரம் பேருக்கு மேல் இல்லை. "இவங்களுக்கும் அனுப்புங்க. அழச் சொல்லாதீங்க, ஆடச் சொல்லாதீங்க. அவங்களே பேசுவாங்க."

ஜூலை 15, செவ்வாய்

நாலு நாளாக ஆர்டர் நிற்கவில்லை. நாத்தனார் ஃபேக்டரிக்குப் போனாள். வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்கிருந்த ஒரு தையல்காரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜூலை 24, வியாழன்

காலையில் ஒரு செய்தி. சதுரங்கப் பெண்ணின் காணொளியைப் பார்த்து வாங்கிய ஒருத்தி அனுப்பியது:

"சட்டை வந்துச்சு. முந்தாநாள் அப்பா அதைத் தானே போட்டுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாம வெளிய போயிட்டார். ரெண்டு வருஷமா எங்க உதவி இல்லாம வாசலைத் தாண்டாத மனுஷன். ஒரு மணி நேரம் தெருத்தெருவா தேடினோம். முடிவெட்டற கடையில பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். உங்களைத் திட்டறதா, கும்பிடறதான்னு தெரியல."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணி, இதை நம்ம பக்கத்துல போட்டா எவ்வளவு நல்லா இருக்கும்!"

நான் இவரைப் பார்த்தேன். இவர், "முதல்ல அந்த மனுஷரைக் கேளு" என்றார்.

கேட்டு எழுதினேன். மத்தியானம் மகள் பதில் போட்டாள்: "அப்பா வேணாங்கறார். அவர் முடிவெட்டிக்கப் போனது ஊருக்கெல்லாம் எதுக்குத் தெரியணும்னு கேக்கறார். நீலத்துல இன்னொண்ணு மட்டும் அனுப்பச் சொன்னார்."

போடவில்லை.

நீலம், முழுக்கை, அளவு நாற்பத்திரண்டு. நாளைக்கே வெட்ட வேண்டும்.